மின்மினிக்குள் குடியிருப்பவை

மின்மினியின் வெளிச்சம் அதன் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. மின்மினி ஒரு வண்டு. ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதிக்கான மரபணு அந்த வண்டுக்கே சொந்தம். லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளும் ஆக்சிஜனும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறும் அந்த நொதியோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. ஏடிபி இல்லாமல் மின்மினி மின்னாது என்பதை 1947-இல் உயிர்வேதியியலாளர் வில்லியம் மெக்எல்ராய் கண்டறிந்தார்.

பாக்டீரியா தரும் ஒளிக்கு உதாரணம் வேண்டுமென்றால் பழவேற்காட்டுப் பக்கம் வலையில் விழும் காரப்பொடி மீனைப் பாருங்கள். அதன் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாத்தி என்ற பாக்டீரியா கோடிக்கணக்கில் வாழ்ந்து ஒளிர்கிறது. குஞ்சு மீன் கடல்நீரிலிருந்துதான் அதைப் பெறுகிறது. காற்றுப்பையின் வெள்ளிச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, வயிற்றின் வழியே கீழே கசியும். அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்கு, மேலிருக்கும் வானத்து வெளிச்சத்திலிருந்து காரப்பொடியைப் பிரித்தறிவது கடினம். குழம்புக்கு ஆயும்போது குடலோடு இந்த விளக்கையும் நாம் எறிந்துவிடுகிறோம்.

மின்மினிக்குள்ளும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவை ஒளிர்வதில்லை. ஸ்பைரோபிளாஸ்மா, எண்டோமோபிளாஸ்மா என்ற பேரினங்கள் அமெரிக்க மின்மினிகளில் கிடைத்திருக்கின்றன. இவற்றுக்குச் செல்சுவரே கிடையாது. பெனிசிலின் தாக்குவது செல்சுவர் கட்டும் வேலையைத்தான் என்பதால், அந்த மருந்து இவற்றிடம் பலிக்காது. ஸ்பைரோபிளாஸ்மா ஸ்பிரிங் போல முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்கை மாற்றி மாற்றியே நீந்தும். 2018-இல் ஓர் அமெரிக்க மின்மினியின் மரபணுத் தொகுதி வெளியானபோது, அதனுள் குடியிருந்த எண்டோமோபிளாஸ்மாவின் மரபணுத் தொகுதியும் கூடவே கிடைத்தது. ஒன்றைத் தேடப்போய் இரண்டு உயிர்களின் கதை கைக்கு வந்தது எனக்குப் பெரிய வியப்பு.

இனி மின்மினி உடலின் வெளிப்புறத்துக்கு வருவோம். மின்மினிப் புழு ஈரமண்ணில் மாதக்கணக்கில் வாழ்கிறது. நத்தையைக் கடித்து, நஞ்சேற்றி, அதன் சதையைக் கரைத்துக் குடிக்கிறது. மண்ணின் பாக்டீரியாவும் நத்தையின் பாக்டீரியாவும் அதன்மேல் படியாமல் இருக்க வழியில்லை.

ஆனைமலையில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிக் கூட்டங்களை ஆய்வாளர்கள் 2022-இல் பதிவுசெய்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நம் ஏரிக்கரை மின்மினிகளும் அவற்றுக்குள் குடியிருப்பவையும் ஆராயப்பட வேண்டும். அதற்கு முதலில் அவை பிழைத்திருக்க வேண்டும். இணையை அழைக்கும் மின்னல் செயற்கை வெளிச்சத்தில் அமுங்கிப்போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலை நடத்துவோரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் ஏரிப் பக்கம் திரும்பியிருக்கும் விளக்குகளைத் தரையை நோக்கித் திருப்புங்கள். தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.