தோட்டத்து நிலத்துக்கும் வரலாறு உண்டு

தோட்டம் என்னும் சொல் தமிழ்நாட்டில் பூவும் காயும் விளையும் இடத்தைக் குறிக்கும். மலேசியத் தமிழரிடையே அஃது இரப்பர் பயிரிட்ட பெருநிலத்தையும், அதிலுள்ள லயம், கோயில், பள்ளி அனைத்தையும் ஒருங்கே குறிக்கும். ஒரு நிலம் மாறியதன் சுவடு இச்சொல்லில் பதிந்திருக்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். எனினும், தாம் வாழும் நிலத்தின் வரலாற்றை மாணவர் கற்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

உலகில் இஃது ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. 1981இல் உருவான புளோரன்ஸ் சாசனம் பழைய பூங்காக்களை உயிருள்ள சின்னங்களாகக் கொண்டது. கல் நிலைத்திருக்கும், செடிகொடிகளோ மடிந்து மீண்டும் தளிர்க்கும். ஆதலின் தனித்தனி மரத்தை மட்டுமன்றி, மரங்களும் பாதைகளும் நீரோட்டமும் அமைந்த முறையையும் காத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1992இல் யுனெஸ்கோவும் பண்பாட்டு நிலத்தோற்றத்தை உலக மரபுரிமையின் ஒரு வகையாக ஏற்றது.

இக்கல்விக்குக் கெடாவைவிடச் சிறந்த களம் அரிது. ஜெராய் மலையடியில், பூஜாங் பள்ளத்தாக்கில், கடாரத்தின் பழங்கோயில்கள் உள்ளன. வடக்கே, அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை, வான் மாட் சமான் 1885இல் தொடங்கி வெட்டுவித்த கால்வாய் சதுப்பு நிலத்தை வயலாக்கியது. இரவில் பந்தங்களை ஏற்றி அதற்கு நேர்கோடு பிடித்தனர் என்பது வழிவழிச் செய்தி. தெற்கே கூலிம் வட்டாரத்தில் மரவள்ளி பெருகியிருந்தது. அப்பயிர் மண்ணின் வளத்தை உறிஞ்ச, கைவிட்ட நிலங்களில் லாலான் புல் மண்டியது.

அதன் பின்னர் வந்தது இரப்பர். 1877இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள் மலாயா இரப்பர் தொழிலுக்கு வித்தாயின. 1909இல் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டனின் மேலாட்சிக்கு மாறியது. அக்காலத்தை ஒட்டித் தோட்டங்கள் பெருகின. பால்மர நிரைகளை வகுத்தவர் துரைமார். லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும், கோயில் முன்றிலில் அரளியும் வேம்பும் நட்டவர் தொழிலாளர். இவ்விரண்டும் சேர்ந்ததே தோட்டத்து நிலத்தோற்றம். முன்னதற்குக் கம்பெனிக் கணக்கேடுகள் சான்று. பின்னதற்கு முதியோரின் நினைவே பெரும் சான்று.

அச்சான்று நாள்தோறும் குறைந்து வருகிறது. இரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சுங்கை பட்டாணியைச் சுற்றி வீட்டுமனைகள் பெருகியுள்ளன. பதியப்படாத நிலம் எளிதில் அழியும் என்பதற்கு 2013 ஒரு பாடம். பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, தனியார் நிலத்தில் மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. அது முறைப்படி அறிவிக்கப்பட்ட பாதுகாப்புச் சின்னமாக இருந்திலது. நூற்றாண்டுகள் பலவற்றைக் கடந்த கோயிலுக்கே இந்நிலையெனில், லயத்து வேம்புக்கும் பெரட்டுக்களத்துக்கும் யார் காவல்?

பதிவு செய்தலே முதற்காவல். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியர் மாணவரை அழைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வரலாம். கோயில், கிணறு, பால்கொட்டகை, பழைய சடக்கு ஆகியவற்றைப் படத்தில் குறிக்கலாம். இரப்பர் மரங்களை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வர். ஆதலின் பழமைக்குக் கோயில் மரமும் சாலை மரமுமே நல்ல சான்று. தோட்டத்தின் ஆங்கிலப் பெயருடன், மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும் அதன் காரணத்தையும் கேட்டெழுதலாம். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடும், பழைய நிலப்படத்தோடும் ஒப்பிடுதல் வேண்டும். ஐயமுள்ளதை ஐயம் என்றே எழுதவும் மாணவர் பழகுதல் வேண்டும்.

இத்தகைய குறிப்பேடு பள்ளிதோறும் ஒன்று உருவாகுமாயின், கெடாத் தமிழரின் வரலாற்றுக்கு அதுவே நல்ல மூலநூலாகும். முதியோர் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும்.