எண்ணெயில் இல்லாத கொலஸ்டிரால் ரத்தத்தில் ஏறுவது ஏன்?

எண்ணெய் பாக்கெட்டின் மேல் "கொலஸ்டிரால் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொலஸ்டிரால் பிராணிகளின் உடலில்தான் உண்டாகிறது. கடலை எண்ணெயிலும் அது கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் கிடையாது, வனஸ்பதியிலும் கிடையாது. உப்புப் பொட்டலத்தில் "சர்க்கரை சேராதது" என்று எழுதி விற்பதைப் போலத்தான் இதுவும்.

அப்படியானால் கறி, முட்டை தொடாத சைவருக்கும் கொலஸ்டிரால் கூடியிருப்பதாக ரத்தப் பரிசோதனையில் வருகிறதே, எப்படி?

கொலஸ்டிராலில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை, உடலே தயாரித்துக்கொள்கிறது. இதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. பித்த நீர், பல ஹார்மோன்கள், ஒவ்வொரு செல்லின் மேல்தோல் எல்லாவற்றுக்கும் அது தேவை. ரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் வண்டிகளில் முக்கியமானவை இரண்டு. எல்.டி.எல். என்பது மிஞ்சினால் ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்துவிடும். எச்.டி.எல். மிச்சத்தைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உதவுகிறது.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கொக்கிகள் போன்ற அமைப்பு செல்களில் இருப்பதைக் கண்டறிந்த அமெரிக்க டாக்டர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றில் உள்ள பூரிதக் கொழுப்பு அதிகமானால் கல்லீரலில் இந்தக் கொக்கிகளின் வேலை குறைந்துவிடுகிறது. எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு; பாமாயிலில் பாதி. நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் 20 சதவீதத்துக்குள்தான்.

முட்டையின் மேல் விழுந்த பழி சற்று அதிகம். ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டு. ஆனாலும் பெரும்பாலோருக்கு அதனால் ரத்தத்தில் ஏறுவது கொஞ்சமே. நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற பழைய உச்சவரம்பை அமெரிக்க உணவு விதிகளே 2015-ல் கைவிட்டுவிட்டன. சர்க்கரை வியாதிக்காரர்களும் இதய நோயாளிகளும் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சீட்டைப் படிப்பது எப்படி?

"மொத்தம் 200-க்குள் இருக்கிறது, கவலையில்லை" என்று பரிசோதனைச் சீட்டை மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். இங்கேதான் ஏமாற்றம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியாயிற்று. சொந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் இரண்டுமே அதில் அடக்கம். மொத்தக் கொலஸ்டிரால் கூடியிருந்தவர்கள் சுமார் 14 சதவீதம். நல்லதைச் செய்யும் எச்.டி.எல். குறைந்திருந்தவர்களோ 72 சதவீதம்!

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒருவருக்கு மொத்தம் 190, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 110 என்று வைத்துக்கொள்வோம். மேல் வரியைப் பார்த்தால் தேறிவிட்டார். ஆனால் ஆணுக்கு எச்.டி.எல். 40-க்கு மேல் இருக்க வேண்டும். பெண்ணுக்கு 50-க்கு மேல். டிரைகிளிசரைடு 150-க்குள், எல்.டி.எல். 100-க்குள் இருப்பது நல்லது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் 158 வருகிறது. அது 130-க்குள் இருக்க வேண்டியது. எல்லா வரியிலும் அவர் தவறியிருக்கிறார்.

இந்த வகைக் கோளாறுக்கு எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரு வேளை குவித்த வெள்ளைச் சோறு, மைதா பாவ், சர்க்கரை, மது இவை டிரைகிளிசரைடை ஏற்றுகின்றன. பீடி, சிகரெட்டும் உட்கார்ந்தே பார்க்கும் வேலையும் எச்.டி.எல்.லைக் குறைக்கின்றன. நாளைக்கு ஐந்து கட்டிங் சாயா, ஒவ்வொன்றிலும் ஒன்றரை ஸ்பூன் என்றாலும் ஏழரை ஸ்பூன் சர்க்கரை ஆயிற்று.

மும்பையிலேயே மாற்று இருக்கிறது. ஊரில் பாட்டனார் சாப்பிட்ட சோளமும் கம்பும் இங்கே பாக்கிரியாகத் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் அதைக் கொள்ளலாம். மராத்தியர் பாங்டா என்பது நம் கானாங்கெளுத்தி, தார்லி என்பது மத்தி. விலை மலிந்த இந்த இரண்டு மீன்களிலும் உள்ள கொழுப்பு இதயத்துக்கு நல்லது. குழம்பு வைக்க வேண்டும், பொரித்தால் பலன் போச்சு. சைவருக்குக் கொண்டைக்கடலை, ராஜ்மா, கொள்ளு, வெண்டைக்காய், கொய்யா. இவற்றின் நார்ச்சத்து குடலில் கொலஸ்டிராலைப் பிடித்து வெளியேற்ற உதவுகிறது.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்பது டாக்டர்கள் கணக்கு. ஐந்து பேர் சேர்ந்து சமைக்கும் அறையில் இரண்டரை லிட்டர். காலையில் வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்சுவது இதில் சேராது. அதைக் கொட்டிவிடுவதே மேல். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் கறுத்துப்போன வாணலியைக் கண்ணால் பார்த்துத்தான் ஒதுங்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

பத்தியம் இருந்தால் எல்.டி.எல். ஓரளவு இறங்கும், 190-ஐத் தாண்டியவருக்கு அது மட்டும் போதாது. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அண்ணன் தம்பி, பிள்ளைகளையும் பரிசோதிப்பது அவசியம். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்கும் கீழே, பலருக்கு 55-க்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். "அளவு சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்குச் சில வாரங்களிலேயே பழைய அளவு திரும்பிவிடுகிறது. சரியானது மாத்திரையால்தான். கை கால் வலித்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

கொலஸ்டிரால் ஏறியதற்கு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. 52 நாடுகளில் நடந்த 'இண்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரி 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. சம்பாதிக்கும் காலத்தில் ஆறு வருஷம் சின்ன வித்தியாசமல்ல.

பதினெட்டு வயதிலேயே முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளும்படி இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் கூறியிருக்கிறது. முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு மறுபடி பார்ப்பார்கள். ஆகவே இதற்காக ஒரு நாள் லீவு போட வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து வரும் வழியில் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.