கனமழை, மிக கனமழை, அதி கனமழை: எத்தனை லாரி தண்ணீர்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தொலைக்காட்சியின் அடிவரியில் மூன்று சொற்கள் மாறி மாறி ஓடும்: கனமழை, மிக கனமழை, அதி கனமழை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கையில் இவை ஹெவி, வெரி ஹெவி, எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. கேட்பவர் காதுக்கு மூன்றும் 'நல்ல மழை'தான். வானிலையாளருக்கோ ஒவ்வொன்றுக்கும் மழைமானியில் ஓர் எல்லைக்கோடு உண்டு.

முதல் நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை பெய்ததுதான் ஒருநாள் மழைக் கணக்கு. அது 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 115.6-ஐ எட்டினால் மிக கனமழை, 204.5-ஐ எட்டினால் அதி கனமழை.

சென்னை அபிராமபுரத்தில் ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். கனமழையின் தொடக்க அளவுக்கே அந்த மனையில் 14,000 லிட்டருக்கு மேல் விழும். கோடையில் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில்கூட அது கொள்ளாது. அதி கனமழை தொடங்கும் அளவில் 45,000 லிட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட நான்கு லாரி.

அதி கனமழைக்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை கிடையாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

அடுத்து, இடம். 'ஐசொலேட்டட்' என்றால் அந்தப் பகுதியின் மழை அளவீட்டு நிலையங்களில் கால் பங்கு வரை மட்டுமே மழை பதிவாகும். தமிழில் 'ஓரிரு இடங்களில்'. 'ஸ்கேட்டர்ட்' என்றால் அரைப் பங்கு வரை. 'வைட்ஸ்பிரெட்' முக்கால் பங்குக்கு மேல். ஓரிரு இடங்களில் கனமழை என்ற அறிவிப்பு வந்த நாளில் மந்தைவெளியில் கொட்டித் தீர்த்து, அபிராமபுரத்தில் தூறலோடு நின்றுவிட்டாலும் கணிப்பு பொய்த்ததாகாது.

வாய்ப்பைக் குறிக்கும் சொற்களில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 'லைக்லி' என்றால் அன்றாட ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் நிச்சயம் என்று பொருள்கொள்வோம். வானிலைத் துறையின் அட்டவணையில் அது 25 முதல் 50 சதவீதம். 'வெரி லைக்லி' 50 முதல் 75. 'மோஸ்ட் லைக்லி' அதற்கும் மேல். நம் செய்திகளில் மூன்றும் 'மழைக்கு வாய்ப்பு' என்று ஒன்றாகிவிடுகின்றன.

எச்சரிக்கை நிறங்களிலும் இதே குழப்பம். மஞ்சளுக்கு உரிய சொல் 'வாட்ச்': நிலவரத்தைக் கவனித்துவாருங்கள். ஆரஞ்சுக்கு 'அலர்ட்': தயாராகுங்கள். சிவப்புக்கு 'வார்னிங்': இப்போதே செயலில் இறங்குங்கள். நாமோ மூன்றையும் 'அலர்ட்' என்கிறோம். மஞ்சளுக்கே பதறிப் பழகியவர்கள், சிவப்பு வரும் நாளில் அசட்டையாக இருந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

தரைத்தள வீட்டில் முதியவர்களை வைத்திருப்பவருக்கும், அடித்தளத்தில் கார் நிறுத்துபவருக்கும் இந்த வேறுபாடு முடிவெடுக்கும் கருவி. எவ்வளவு மழை, எத்தனை இடங்களில், எவ்வளவு வாய்ப்பு, என்ன நிறம் என்ற நான்கையும் செய்தி வாசிப்பவர்கள் எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அரை நிமிடம் கூடுதலாக ஆகும். மோட்டாரையும் மருந்துகளையும் மேலே ஏற்றிவைப்பதா வேண்டாமா என்பதை மக்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.