சிந்தாமணி பிளேட்டில் பாடியவர் பாகவதர் அல்ல!
பரணில் கிடக்கும் ரிக்கார்டை எடைக்குப் போடாதீர்கள்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலோ, உறையூரிலோ பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். உள்ளே கறுப்பு வட்டமாக கிராமபோன் பிளேட்டுகள். "இது எதுக்கு ஆகும்?" என்று பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

அய்யா, கொஞ்சம் நில்லுங்கள்! அந்தப் பெட்டியில் 'சிந்தாமணி' இருக்கலாம்.

'சிந்தாமணி' 1937-ல் வந்த படம். மதுரை ராயல் டாக்கீசார் எடுத்தது. டைரக்டர் ஒய்.வி.ராவ். பாட்டுகள் பாபநாசம் சிவன். கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். வருஷத்துக்கு மேல் ஓடு ஓடு என்று ஓடியது. வந்த லாபத்தில் மதுரையில் படத்தின் பெயரிலேயே தியேட்டர் எழும்பியது!

துறையூர்க்காரர்

படத்தில் பாடியவர் பாகவதர்தான். ஆனால் கடைக்கு வந்த பிளேட்டில் பாடியவர் வேறு ஆள். பெயர் துறையூர் ராஜகோபால சர்மா!

இதில் மோசடி எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் படத்தின் ஒலியை அப்படியே தட்டில் ஏற்றும் வழக்கம் கிடையாது. ரிக்கார்டு கம்பெனியார் தனியாகப் பாட வைத்துப் பதிவு செய்வார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், அவ்வளவுதான். அதற்குள் பாட்டை முடித்தாக வேண்டும். ஆகவே படத்தில் கேட்டது ஒன்று, தட்டில் கேட்பது ஒன்று. "குரல் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே" என்று வீட்டில் பெரியவர் யாராவது சொன்னால், அவர் காதில் கோளாறு இல்லை!

திரையில் பாட்டு, ஆள் ஜெயிலில்

பாகவதர் பிறந்தது மாயவரம், வளர்ந்தது திருச்சி. ரயில்வே அதிகாரி எப்.ஜி.நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறிய சிறுவன், பிறகு தமிழ்நாட்டையே கிறங்க வைத்தார். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. அடுத்த மாதமே சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை! சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டபோது, கதாநாயகன் கம்பிக்குப் பின்னால் இருந்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன கேஸ், 1947-ல் விடுதலையில் முடிந்தது. பழைய மவுசு திரும்பவில்லை. 1959 நவம்பர் 1-ந்தேதி சென்னையில் காலமானார். உடல் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம்.

நடித்தது மொத்தமே 14 படம். அதிலும் சில படங்களுக்கு இன்று முழுப் பிரதி கிடைக்கவில்லை. பிலிம் போனால் போச்சு. அந்தக் காலப் பாட்டுக்கு மிச்சமிருக்கும் சாட்சி பல நேரம் இந்தப் பிளேட்டுதான்.

ஸ்பிரிட் தொடாதீர்கள்!

இந்தப் பிளேட்டு அரக்கில் செய்தது. கீழே போட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே அழிந்துவிடும்! காய்ந்த மெல்லிய துணி போதும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். திருச்சி வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டால் வளைந்துவிடும்.

எல்.பி. ரிக்கார்டுக்கான ஊசியை வைத்து ஓட்டிப் பார்ப்பதும் தப்பு. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. சின்ன ஊசி அடியில் உரசி, பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் வரும். இதற்கென்று தடித்த ஊசி தனியாக உண்டு. அதில் ஒரு தடவை ஓட்டி கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டால், அப்புறம் தட்டைத் தொடவே வேண்டாம்.

சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறார்கள். பம்பாயில் ரிக்கார்டு சேகரிப்போர் 1990-ல் சங்கமே வைத்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் முதலில் கேட்பது, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன பெயர், என்ன நம்பர் என்றுதான். லேபிளைக் கிழிக்காமல், ஈரம் படாமல் வையுங்கள்.