99 ரூபாய் டொமைனும் ஆறாம் வருஷ பில்லும்

போன மாதம் என் பேங்க் கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தது. இரண்டு நாளில் ஒரு மின்னஞ்சல்: உங்கள் டொமைனைப் புதுப்பிக்கப் பணம் எடுக்க முடியவில்லை, இன்னும் 24 நாள்தான் இருக்கிறது. தொகையைப் பார்த்தேன். வரியோடு 1,940 ரூபாய். ஆறு வருஷம் முன்னால் இதே டாட் காம் பெயரை இதே கம்பெனியில் 99 ரூபாய்க்கு எடுத்தேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு போகிறது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. குறிப்புகளை வேறு எங்காவது போட்டுக்கொண்டால் ஆச்சு. அப்புறம்தான் உறைத்தது, என் மின்னஞ்சல் முகவரியும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பேங்க், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் எழுதுகின்றன. நான் விட்ட பெயரை வேறொருவர் எடுத்தால், அதே முகவரியை அவர் உருவாக்கிக்கொள்ள முடியும். பாஸ்வேர்டை மாற்றும் மெயில் அவருக்குப் போகும். அவ்வளவு லேசில் இவன் பெயரை விடமாட்டான் என்பதுதான் அந்த பில்லுக்கு இருக்கும் தைரியம்.

சரி, ஒரு டாட் காம் பெயரின் அடக்க விலைதான் என்ன?

டொமைனை நாம் வாங்குவதே இல்லை, வாடகைக்கு எடுக்கிறோம். டாட் காம் முழுவதற்கும் மொத்த வியாபாரி ஒருவர்தான்: அமெரிக்காவின் வெரிசைன். நமக்கு விற்கும் ரெஜிஸ்ட்ரார்கள் சில்லறைக் கடைக்காரர்கள். எந்தக் கடைக்குப் போனாலும், கடைக்காரர் வெரிசைனுக்குக் கட்டும் மொத்த விலை ஒன்றுதான். 2012 முதல் 7.85 டாலரிலேயே நின்றிருந்த அந்த விலையை உயர்த்த, அமெரிக்க வணிகத் துறை 2018-ல் வழிவிட்டது. 2021 முதல் நான்கு முறை ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. இதோடு, டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்புக்கு 20 சென்ட். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் நம் ஊர்க் கணக்கில் 1,100 ரூபாயை ஒட்டி வரும்.

என் பில்லில் மீதி 800-க்கு மேல், அதன் மேல் உள்ள வரி போகக் கடைக்காரருக்கு. விரித்துப் பார்த்தால் 'தனியுரிமைப் பாதுகாப்பு' என்று ஒரு வரி வேறு. பெயர், முகவரியைப் பொதுப் பதிவில் மறைப்பதற்கான கட்டணம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் வந்த பிறகு பல கடைகள் இதை இலவசமாகவே செய்கின்றன. அந்த 99 ரூபாய்? அதில் விழும் நஷ்டத்தைக் கடைக்காரர் தன் கையிலிருந்து போடுகிறார், அடுத்தடுத்த வருஷங்களில் எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் நமக்கும் ஒரு பிடி உண்டு. 1999 வரை டாட் காம் பெயருக்கு நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே கடைதான். 1995-ல் அது முதல் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் வாங்க ஆரம்பித்தது. போட்டிக் கடைகளை அனுமதித்த பிறகு விலை நன்றாக இறங்கியது. பெயரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகும் உரிமை அந்தப் போட்டியோடு வந்தது. மொபைல் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுகிறோமே, அது மாதிரி.

நான் செய்தது இதுதான். பழைய கடையின் கணக்கில் பூட்டைத் திறந்தேன். உரிமையாளர் மின்னஞ்சலாக, இந்த டொமைனைச் சாராத இன்னொரு முகவரி இருக்கிறதா என்று சரிபார்த்தேன். மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, புதுக் கடையில் கொடுத்து ஒரு வருஷப் பணம் கட்டினேன். பழைய கடை 'உண்மையிலேயே போகிறீர்களா' என்று கேட்டது. பதில் சொல்லாவிட்டாலும் ஐந்து நாளில் மாற்றம் நடந்துவிடும். டாட் காமில் மிச்சமிருக்கும் நாட்கள் வீணாகாது, புது வருஷம் அதன் மேல் சேரும்.

ஒரு இடத்தில் சறுக்கினேன். பெயர்வழங்கி அமைப்புகள் பழைய கடையிலேயே இருந்தன. அவற்றைப் புதுக் கடையில் எழுதும்போது, மெயில் எங்கே போகணும் என்று சொல்லும் வரியை விட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க மெயில் வரவில்லை. எல்லா வரிகளையும் முன்னாடியே நகல் எடுத்து வையுங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத பெயரைப் பொதுவாக நகர்த்த முடியாது. காலாவதியான பிறகு பழைய கடையில் புதுப்பித்து, 45 நாளுக்குள் மாற்றினால் கட்டிய அந்த வருஷம் போய்விடலாம். புதுப்பிக்காமலே விட்டால், கடை பெயரைக் கைவிட்டதும் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் தனி. அப்புறம் ஐந்து நாளில் பெயர் யாருக்கு வேண்டுமானாலும். அதனால் காலாவதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கிளம்புவது நல்லது.

கடை மாறினால் குறைவது சில்லறை லாபம் மட்டும். மொத்த விலையே ஏறினால் எந்தக் கடையும் உதவாது. டாட் காமுக்காவது ஒரு தடவைக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. 2012-க்குப் பிறகு வந்த டாட் ஷாப், டாட் ஆன்லைன் போன்ற புது வால்களுக்கு அதுவும் இல்லை. ஆறு மாதம் முன்னால் அறிவித்துவிட்டுப் புதுப்பிப்பு விலையை ஏற்றலாம். அந்த ஆறு மாதத்துக்குள் பழைய விலையில் பத்து வருஷம் வரை கட்டி வைக்கலாம் என்பதுதான் நமக்கிருக்கும் ஒரே தற்காப்பு.

கடைசியில் எனக்கு ஆன செலவு 1,120 ரூபாய். மிச்சம் 820. ஆறு வருஷம் பில்லைப் பார்க்காமல் இருந்ததற்கு ஏற்கெனவே அதைவிட அதிகமாகக் கட்டியாச்சு. புதுசாகப் பெயர் எடுப்பவர்கள் முதல் வருஷ விலையை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.