குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

"வெறும் சளிதானே, ரெண்டு நாள்ல போயிடும்" என்று சொல்லாத வீடு கிடையாது. பெரும்பாலும் அது சரிதான். சளியும் இருமலும் அநேகமாக வைரஸ் கிருமியால் வருபவை. தானாக வந்து தானாகப் போகும். ஆனால் சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டால், ரெண்டு நாள் காத்திருக்க நேரமில்லை. இறங்கியதா இல்லையா என்பதைக் குழந்தையின் மூச்சே காட்டிக் கொடுக்கும்.

வெளிவிடும் மூச்சில் கலந்துள்ள வாயுக்களைப் பிரித்துப் பார்த்துக் கொரோனா உண்டா என்று சொல்லும் கருவிக்கு அமெரிக்க அரசு 2022-இல் அவசர அனுமதி கொடுத்தது. பிலடெல்பியா நகரக் குழந்தைகள் மருத்துவமனையிலும், கொரோனா கண்ட குழந்தைகளின் மூச்சில் சில வாயுக்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். நல்ல காரியம்தான். அந்தக் கருவி நம்ம ஊருக்கு வரும்போது வரட்டும். இன்றைக்கு நம் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும்; செல்போனில் உள்ளதும் சரியே.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. தாய் எண்ணட்டும், தகப்பன் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். பச்சைக் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது.

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேக மூச்சு. சந்தேகமானால் இன்னொரு தரம் எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பாட்டி தைலம் தடவிக்கொண்டிருந்தார். "பால் குடிக்கிறான் சார், நல்லாத்தான் இருக்கான்" என்றாள் தாய். எண்ணினேன், 58. தகப்பனாரை வயலிலிருந்து கூப்பிட்டு அனுப்பினோம். நாலு நாள் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தது பிள்ளை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் என்னவாகியிருக்குமோ! அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. அவளுக்கு எண்ணத் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை.

மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் தாமதிக்கக்கூடாது. பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் விழிக்காமல் கிடந்தால், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்; உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ உடம்பு சில்லிட்டாலோ இதே அவசரம்தான்.

மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். போன தடவை மிச்சமான மருந்தையும் கொடுக்காதீர்கள். வேக மூச்சு என்பது நிமோனியாவாக இருக்கலாம் என்று காட்டுமே தவிர, எந்தக் கிருமி என்று காட்டாது. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு எண்ணினீர்கள், எத்தனை வந்தது என்பதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போய் அவரிடம் கொடுங்கள்.