ரேக்ளா பந்தயம் (காவிரிப் படுகை)

ரேக்ளா பந்தயம் என்பது இரண்டு சக்கரங்கள் கொண்ட எடை குறைந்த வண்டியில் காளைகளைப் பூட்டி விரைவாக ஓட்டும் போட்டி ஆகும். மாட்டு வண்டிப் பந்தயம், மாட்டு வண்டி எல்லைப் பந்தயம் என்றும் இது அழைக்கப்படுகிறது. சில ஊர்களில் குதிரை வண்டிகளுக்கும் தனிப் போட்டி உண்டு. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும், கொங்கு நாட்டிலும், தஞ்சாவூரைச் சூழ்ந்த காவிரிப் படுகையிலும் பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி இது நடத்தப்படுகிறது.

வண்டியின் அமைப்பு

சுமை வண்டியில் உள்ள அகன்ற தட்டும் பக்கத் தடுப்புகளும் பந்தய வண்டியில் இருப்பதில்லை. அச்சு, இரு சக்கரங்கள், ஏர்க்கால், நுகத்தடி, ஓட்டுபவர் அமரச் சிறிய இருக்கை ஆகியவையே இதன் உறுப்புகள். எடையைக் குறைப்பதே இவ்வமைப்பின் நோக்கம். ஓட்டுபவர் சாரதி எனப்படுகிறார். அவருடன் துணைச் சாரதி ஒருவரும் இருப்பார். இவர் தேவையானபோது கீழே குதித்துக் காளைகளுடன் ஓடி, அவற்றை விரட்டிவிட்டு, மீண்டும் வண்டியில் தொற்றிக்கொள்வார்.

பந்தய முறைகள்

இரண்டு முறைகள் பரவலாக உள்ளன.

- கொங்கு முறை: கோயம்புத்தூர், திருப்பூர்ப் பகுதிகளில் 200 அல்லது 300 மீட்டர் நேர்த்தடத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஓட்டப்படுகின்றன. குறைந்த நேரத்தில் கடக்கும் வண்டி வெற்றி பெறும். காளைகளின் வயது அவற்றின் பற்களைக் கொண்டு கணிக்கப்பட்டுப் பிரிவுகள் அமைக்கப்படுகின்றன.
- எல்லை முறை: தென் மாவட்டங்களிலும் தஞ்சைப் பகுதியிலும் பல வண்டிகள் ஒரே நேரத்தில் சாலையில் புறப்பட்டு, குறித்த எல்லை வரை சென்று திரும்புகின்றன. தொலைவு பல கிலோமீட்டர் ஆகும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் உண்டு. பூஞ்சிட்டு என்பது சிறிய காளைகளுக்கான பிரிவு.

திருப்பத்தின் இயக்கவியல்

எல்லை முறையில் மிகக் கடினமான இடம் வண்டி திரும்பும் இடமே. வளைவில் ஓடும் எப்பொருளையும் உள்நோக்கி இழுக்க ஒரு விசை வேண்டும். வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகத் தேவைப்படும். அமெரிக்காவில் ஸ்டாக் கார் எனப்படும் பந்தயக் கார்கள் ஓடும் மண் தடங்களில் இதற்காகவே வளைவின் வெளிப்புறம் உயர்த்திக் கட்டப்படுகிறது. ஒகையோ மாநிலத்தில் 1954 இல் திறக்கப்பட்ட எல்டோரா தடத்தின் வளைவுகள் ஏறத்தாழ 24 பாகை சாய்வு கொண்டவை. அச்சாய்வினால் தரையே காரை உள்நோக்கித் தள்ளுகிறது.

சாலையில் ஓடும் ரேக்ளாவுக்கு அத்தகைய சாய்வு கிடையாது. சாரதி அமரும் இடம் அச்சுக்கு மேலே இருப்பதால், வேகமாகத் திருப்பினால் வண்டி வெளிப்புறமாகக் கவிழும். மேலும் உட்புறக் காளையைவிட வெளிப்புறக் காளை அதிகத் தொலைவு ஓட வேண்டும். எனவே சாரதி வேகத்தைக் குறைத்து, உட்புறக் காளையின் கயிற்றை இழுத்துப் பிடித்து, வெளிப்புறக் காளையை முன்னே விடுகிறார். பின்தங்கி வந்த வண்டி இவ்விடத்தில் முந்துவதும், முன்னே வந்த வண்டி தடம் புரள்வதும் உண்டு.

காவிரிப் படுகையில்

படுகையின் வயல்கள் ஆண்டின் பெரும்பகுதி நீரும் சேறுமாக இருப்பவை. ஆகவே இங்குப் பந்தயம் சாலைகளில் நடத்தப்படுகிறது. சம்பா அறுவடைக் காலமான தை மாதமும் அதற்குப் பிந்தைய கோடையும் இதற்கு உரிய பருவம். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கடையூரில் காணும் பொங்கலை முன்னிட்டு மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயங்கள் நடத்தப்பட்டு வந்துள்ளன. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களிலும் எல்லைப் பந்தயங்கள் நடக்கின்றன.

இப்பகுதிக்குரிய மாட்டினம் உம்பளச்சேரி ஆகும். சேற்று வயலில் உழைப்பதற்கு ஏற்ற இவ்வினக் கன்றுகள் செம்பழுப்பு நிறத்தில் பிறந்து, வளரும்போது சாம்பல் நிறமாக மாறுகின்றன. உழவு இயந்திரங்கள் வந்தபின் காளைகளின் தேவை குறைந்தது. திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள கொருக்கை அரசு கால்நடைப் பண்ணையில் இவ்வினம் பேணப்படுகிறது.

சட்ட நிலை

2006 இல் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கோரிய வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரேக்ளாவுடன் சல்லிக்கட்டுக்கும் தடை விதித்தது. 2007 இல் அத்தீர்ப்பை இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயங்களையும் தடை செய்தது. 2017 சனவரியில் நடந்த மாபெரும் போராட்டத்தை அடுத்துத் தமிழ்நாடு அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. இத்திருத்தம் சல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இத்திருத்தத்தையும், மகாராட்டிர, கருநாடக மாநிலங்களின் திருத்தங்களையும் ஏற்றது.

ஆதரவும் எதிர்ப்பும்

உழவுக்கும் வண்டிக்கும் பயன்படாத காளைக் கன்று விற்கப்பட்டு இறைச்சிக்கே செல்லும். பந்தயமே அதற்கு விலையும் மதிப்பும் தருகிறது என்பது ஆதரவாளர் கருத்து. சாட்டையடி, தார்க்குச்சியால் குத்துதல், வாலை முறுக்குதல் ஆகியவற்றால் விலங்குகள் துன்புறுகின்றன என்பதும், தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடுவது குளம்புகளைக் கெடுக்கும் என்பதும் எதிர்ப்பாளர் வாதம். பந்தயத்துக்குத் தேவைப்படும் காளைகள் சிலவே என்பதால், ஓர் இனம் நிலைப்பதற்குப் பந்தயம் மட்டும் போதாது என்பதும் கருதத்தக்கது.

பார்வையாளர்

பெரும்பாலான பந்தயங்களில் பார்வையாளர் சாலையின் இரு ஓரங்களிலும் நிற்கின்றனர். தடுப்பு வேலி எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. வண்டிகளைத் தொடர்ந்து இருசக்கர ஊர்திகள் கூட்டமாக வருவது விபத்துகளுக்குக் காரணமாகிறது. திரும்பும் இடத்தில் வண்டி வெளிப்புறமாகவே சாயும் என்பதால் வளைவின் வெளிப்பக்கம் நிற்பது ஆபத்தானது.

பிற இடங்களில்

இலங்கையின் வட பகுதியில் இது மாட்டுவண்டிச் சவாரி எனப்படுகிறது. இதற்கெனச் சவாரித் திடல்கள் உள்ளன. கருநாடகக் கடற்கரையின் கம்பளா போட்டியில் எருமைகள் சேற்றுத் தடத்தில் ஓடுகின்றன. இந்தோனேசியாவில் மதுரா தீவின் கரப்பான் சாப்பி, மேற்குச் சுமாத்திராவின் பாச்சு சாவி ஆகியவையும் நெல் விளையும் நிலங்களில் தோன்றிய மாட்டுப் பந்தயங்களே.